பல்கலைக்கழகத்தில் முதல் வருடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலாண்டு மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. வருடா வருடம் முகங்கள் மாறும், கேள்விகள் அநேகமாக மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்து, முடிந்தவரை நேராகப் பதில் எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருடத்தில் தடுமாறியவர்களில் நான் பார்த்த பலரும் நல்ல புத்திசாலிகள். கேட்க வேண்டிய நேரத்தில் யாரிடமும் போய்க் கேட்காமல் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதனால் கீழே வரும் பதில்களில் பல, ஏதோ ஒரு விதத்தில், ‘போய்க் கேளுங்கள்’ என்ற இடத்துக்கே வந்து சேரும்.

ஸ்கூலுக்கும் இதுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? அதே பாடம், அதே பரீட்சைதானே?

பாடமும் பரீட்சையும் இருக்கின்றன. விரட்டத்தான் ஆள் இல்லை. பள்ளியில் இன்று எதைப் படிக்க வேண்டும், நாளை எதை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இங்கே செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு பாடத்திட்டத் தாளைக் கையில் கொடுத்து, எல்லாம் அதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் பின்தங்கினால் அது மற்றவர் கண்ணில் படவே பல வாரங்கள் ஆகும்.

கால அட்டவணையில் காலியிடம் நிறையத் தெரிகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். வகுப்பில் உட்காரும் நேரம் அதில் ஒரு பகுதிதான். அமெரிக்காவில் வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. நீங்கள் எந்த நாட்டில் படித்தாலும், அட்டவணையில் வெறுமையாகத் தெரியும் நேரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே பாடத்துக்குப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ரெண்டு வாரத்துல கண்டிப்பா செய்ய வேண்டியது என்ன?

எல்லாப் பாடங்களின் திட்டத் தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒப்படைக்க வேண்டிய தேதிகள், தேர்வுத் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே காலண்டரில் ஏற்றுங்கள். எதற்கு எத்தனை சதவீத மதிப்பெண் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்று வேலைகள் ஒரே வாரத்தில் வந்து விழும் இடம் ஒன்று நிச்சயம் தட்டுப்படும். அது இப்போதே தெரிந்துவிட்டால் பாதிச் சுமை குறையும். அப்புறம், மருத்துவர், மனநல ஆலோசகர், மாணவர் அலுவலகம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று நல்லபடியாக இருக்கும்போதே பார்த்து வையுங்கள். முடியாமல் கிடக்கும் நாளில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நாள் முழுக்க புக்கும் கையுமாத்தான் இருக்கேன். பரீட்சையில உட்கார்ந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது. ஏன்?

இப்படிக் கேட்பவரிடம் அவருடைய புத்தகத்தைக் காட்டச் சொல்வேன். பக்கத்தில் முக்கால்வாசி மஞ்சளாக இருக்கும். வரையறைக்கு மஞ்சள், அதற்குக் கீழே உள்ள உதாரணத்துக்கும் மஞ்சள், சில இடங்களில் ‘ஆகவே’ என்ற சொல்லுக்குக்கூட மஞ்சள். ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒரு கேள்விகூட இருக்காது. புத்தகத்தை மூடிவிட்டு, இந்தப் பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் தலைப்பு வரும், அதற்கு மேல் வராது. அவர் படிக்காமல் இல்லை. பல தடவை பார்த்துப் பழகியதால், தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிட்டது.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சிறு உரைப்பகுதிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள். இன்னொன்றை மூடிவைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்த பகுதிதான் சற்றுக் கூடுதலாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்த பகுதியில் 56 சதவீதம் நினைவில் நின்றது, மறுபடி வாசித்ததில் 42 சதவீதம்தான். பரீட்சைக்கு முந்தின இரவு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த நிறைவு, வாசித்த ஐந்தாவது நிமிடத்தின் நிறைவு.

1885-லேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் தன் நினைவாற்றலைத் தானே சோதித்து, கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நழுவுகிறது என்றும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் கூடுதலாக நிற்கிறது என்றும் எழுதி வைத்தார். ஆகவே செய்ய வேண்டியது இதுதான். வகுப்பு நடந்த அன்று மாலை, நோட்டை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். பத்து நிமிடம் போதும். அப்புறம் நோட்டைத் திறந்து விட்டுப்போனதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை இதையே செய்யுங்கள். தலை வலிக்கிற மாதிரி இருக்கும், வாசிப்பதைவிட மெதுவாகவும் போகும். மனம் தளராமல் மூன்று வாரம் செய்து பாருங்கள்.

நோட்ஸை லேப்டாப்ல எடுக்கலாமா, கையால எழுதணுமா?

2014-ல் வந்த ஓர் ஆய்வு கையால் எழுதுவதே நல்லது என்றது. அதையே பின்னால் செய்து பார்த்த சிலருக்கு வித்தியாசம் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. உங்களுக்கு எது வசதியோ அதில் எழுதுங்கள். ஆசிரியர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் இறக்கிக்கொண்டிருந்தால் மட்டும் இரண்டிலும் பயனில்லை. கேட்டு, புரிந்துகொண்டு, உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். லேப்டாப் என்றால் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு உட்காருங்கள். பின்வரிசையில் இருப்பவருக்கும் அது உபகாரம்.

ஏஐ கிட்ட கேட்டா அஞ்சு நிமிஷத்துல அசைன்மென்ட் ரெடி. எல்லாரும் செய்யுறாங்க, நான் மட்டும் ஏன் கஷ்டப்படணும்?

முதலில் விதியைப் பாருங்கள். சில பாடங்களில் அனுமதி உண்டு, சிலவற்றில் அறவே கிடையாது. ஒரே துறைக்குள்ளேயே ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். எழுத்தில் தெளிவாக இல்லை என்றால் ஆசிரியரிடமே கேளுங்கள். ‘தெரியாது’ என்று பின்னால் சொன்னால் எடுபடாது. ஏஐ தரும் மேற்கோள்களையும் நூல் பெயர்களையும் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் சொல்லிவிடும்.

விதி அனுமதித்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. முதலாண்டு அசைன்மென்ட் உலகத்துக்கு ஒன்றும் தேவையில்லை, அதைப் படித்து ஆசிரியர் புதிதாக எதுவும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. எழுதும்போது திணறி, அழித்து, மறுபடி எழுதி உங்களுக்குள் உருவாகும் திறன் ஒன்றுக்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள். முந்தின பதிலுக்கு முந்தின பதிலில் சொன்ன அதே சங்கதிதான்: நினைவிலிருந்து எடுக்கும் சிரமத்தை யாரோ பட்டுவிட்டால் உங்களுக்கு ஒன்றும் ஒட்டாது. இப்படிப் பயன்படுத்துங்கள்: பாடத்தைப் படித்து முடித்த பிறகு, அதிலிருந்து உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய பத்தியில் வாதம் எங்கே இடறுகிறது என்று கேளுங்கள். எழுதுவது நீங்களாக இருங்கள்.

ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்னு நினைக்கிற வேலை எப்பவும் ஒரு வாரம் இழுக்குது. நான் அவ்வளவு சோம்பேறியா?

அநேகமாக இல்லை, கணக்குத்தான் தப்பு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று குறைத்தே மதிப்பிடும் பழக்கம் மனிதர்களுக்குப் பொதுவானது என்று டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-ல் எழுதினார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கும் மேல். மோசமான கற்பனையையும் உண்மை தாண்டிவிட்டது.

எனவே, உங்கள் மனக்கணக்கை நம்பாதீர்கள். போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆனது என்று பார்த்து, அதையே எழுதுங்கள். அடுத்து, ‘இந்த வாரம் செய்யணும்’ என்று விடாமல் நாள், நேரம், இடம் மூன்றையும் முடிவு செய்யுங்கள்: ‘செவ்வாய் மதிய வகுப்பு முடிந்ததும், நூலக இரண்டாம் தளத்தில், முதல் பத்தியின் வரைவு.’ இப்படி எழுதி வைப்பவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியும் கெடுவைத் தாண்டும் என்று தெரிந்தால், கெடுவுக்கு முன்பே ஆசிரியரிடம் சொல்லுங்கள். முன்கூட்டி வரும் வேண்டுகோளுக்கும், கெடு முடிந்த மறுநாள் வரும் காரணத்துக்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்க முழிச்சிருந்து படிக்கலாமா?

வேண்டாம். அன்று படித்தது நினைவில் பதிவதற்கே தூக்கம் தேவை. வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம், 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரம் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. காபி குடித்துச் சமாளிக்கலாம் என்றால், உடம்பில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொன்றுக்கும் உள்ளே இருக்கிறது. இன்னொன்று, பதின்ம வயதின் கடைசியில் உடல் கடிகாரமே சற்றுத் தாமதமாக ஓடும். காலை எட்டு மணி வகுப்பில் கண் சொருகினால் உடனே உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். எழும் நேரத்தை விடுமுறை நாளிலும் அதிகம் மாற்றாமல் வைத்திருந்தால் மெல்லச் சரியாகும்.

பேராசிரியர்கிட்ட சந்தேகம் கேட்க பயமா இருக்கு. முட்டாள்னு நினைச்சிடுவாரோ?

மாணவர்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் ஒருவரும் வராமல் காத்திருக்கும் ஆசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். வந்து கேட்பவரை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், நல்ல விதமாகவே. பயம் பெரும்பாலும் என்ன கேட்பது என்று தெரியாததால் வருவது. ‘எதுவுமே புரியல’ என்று போய் நின்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்:

‘வணக்கம். நான் உங்கள் முதலாண்டு புள்ளியியல் வகுப்பில் படிக்கிறேன். மூன்றாம் வாரப் பயிற்சித் தாளில் முதல் மூன்று கணக்குகள் வந்துவிட்டன. நான்காவதில் இரண்டாம் வரிக்குப் பிறகு தவறுகிறேன் என்று நினைக்கிறேன். நான் போட்ட வழியை இணைத்திருக்கிறேன். இந்த வாரம் எப்போது வந்து பார்க்கலாம்?’

எது வரை புரிந்தது, எங்கே நின்றுவிட்டது, இதுவரை என்ன முயன்றீர்கள் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. இந்த மூன்றையும் எழுத உட்கார்ந்தாலே சில சமயம் விடை தானாகத் தெரிந்துவிடும். ஒருவர் சிடுசிடுத்தால் மனம் உடையாதீர்கள். அப்படியும் சிலர் இருக்கிறார்கள். பயிற்சி ஆசிரியரிடமோ சீனியரிடமோ அதே மின்னஞ்சலைக் காட்டுங்கள்.

ஸ்கூல்ல நான்தான் ஃபர்ஸ்ட். இங்க சராசரி மார்க்கூட வரல. நான் இந்த இடத்துக்கு லாயக்கே இல்லையா?

உங்கள் வகுப்பில் இருப்பவர்களைப் பாருங்கள். அவர்களும் தத்தம் பள்ளியில் முதலிடத்திலோ அதற்குப் பக்கத்திலோ இருந்தவர்கள்தான். முதலிடக்காரர்களை மட்டும் ஓர் அறையில் உட்கார வைத்தால் அவர்களில் பாதிப் பேர் கீழ்ப்பாதியில்தான் இருந்தாக வேண்டும். உங்கள் அறிவு குறையவில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் மாறிவிட்டார்கள். இதை ஏற்றுக்கொள்வது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். சிறு வயதிலிருந்து ‘நல்லா படிக்கிற பிள்ளை’ என்பதே தன் அடையாளம் என்று வளர்ந்தவருக்கு, அது கையை விட்டுப் போவது சின்ன விஷயம் இல்லை.

தகுதியில்லாமல் உள்ளே நுழைந்துவிட்டோம், ஒருநாள் பிடிபடுவோம் என்ற நினைப்பு பல சாதனையாளர்களுக்கும் இருப்பதை 1978-லேயே பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் விவரித்திருக்கிறார்கள். 2011-ல் வால்டன், கோஹன் இருவரும் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ‘நமக்கு இங்கே இடமில்லை’ என்ற கவலை முதலாண்டில் எல்லோருக்கும் வரும், போகப் போகக் குறையும் என்று மூத்த மாணவர்கள் சொன்ன அனுபவங்களை ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். மொத்தமே ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தன. இந்தக் கவலை தனக்கு மட்டும் இல்லை என்று தெரிவதற்கே அவ்வளவு பலம். உங்கள் சீனியர் யாரிடமாவது ‘உங்க முதல் செமஸ்டர் எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாரும் குரூப் குரூப்பா சேர்ந்துட்டாங்க. எனக்கு மட்டும் யாரும் அமையல.

முதல் வாரத்தில் உருவாகும் கூட்டங்கள் பெரும்பாலும் பக்கத்து அறை, பக்கத்து இருக்கை என்ற தற்செயலில் சேர்ந்தவை. செமஸ்டர் முடிவதற்குள் பாதி கலைந்துவிடும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லும் நிலைக்குச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் உயிர்த்தோழர் கிடைக்கவில்லை என்றால் அது இயல்புதான்.

ஒரே ஆட்களை வாராவாரம் பார்க்கும்படி ஏதாவது ஒன்றில் சேருங்கள். விளையாட்டு, நாடகம், தன்னார்வப் பணி, சேர்ந்து படிக்கும் குழு, எதுவானாலும் சரி. பேச்சுத் திறமை இல்லை என்று தயங்குபவர்களுக்கும் இது ஒத்துவரும். வேலை ஒன்று நடுவில் இருந்தால் பேச்சு அதுபாட்டுக்கு வரும். அப்புறம், யாராவது முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள். எதிரில் இருப்பவரும் அதற்குத்தான் காத்திருப்பார்.

ரூம்மேட்டோட ஒத்துப்போகல. பேசினா சண்டை ஆயிடுமோன்னு சும்மா இருக்கேன்.

சும்மா இருந்தால் பிற்பாடு ஏதோ ஓர் அற்ப விஷயத்தில் பெரிதாக வெடிக்கும். விளக்கணைக்கும் நேரம், சத்தம், விருந்தாளிகள், ஒருவர் பொருளை மற்றவர் எடுப்பது என்ற நாலு விஷயங்களைத் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. தாமதமாகிவிட்டாலும் பரவாயில்லை. ‘நீ எப்பவும் இப்படித்தான்’ என்று தொடங்காமல், ‘பதினோரு மணிக்கு மேல லைட் எரிஞ்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது, என்ன பண்ணலாம்?’ என்று கேளுங்கள். இரண்டு முறை பேசியும் நடக்கவில்லை என்றால் விடுதிப் பொறுப்பாளரிடம் போங்கள். அது கோள் மூட்டுவது ஆகாது.

குடிக்க, ராத்திரி வெளிய சுத்தன்னு எல்லாரும் கூப்பிடுறாங்க. வேண்டாம்னு சொன்னா ஒதுக்கிடுவாங்க.

‘எல்லாரும்’ என்பது உண்மையா என்று முதலில் பாருங்கள். 1993-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், வளாகத்தில் நடக்கும் குடிப்பழக்கம் தனக்குத்தான் உறுத்துகிறது, மற்றவர்களுக்கு அது சகஜம் என்று பெரும்பாலோர் நினைத்திருந்தது தெரியவந்தது. ஆளுக்கு ஆள் அப்படி நினைத்து, ஆளுக்கு ஆள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருவர் சாதாரணமாக ‘எனக்கு வேண்டாம்ப்பா’ என்றால் இன்னும் இரண்டு பேருக்கு மூச்சு வரும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதாடத் தொடங்குவார்கள்.

கூப்பிடுவதைத் தாண்டி மிரட்டுவது, அவமானப்படுத்துவது, கட்டாயப்படுத்துவது என்று போனால் அது நட்பும் இல்லை, மரபும் இல்லை. அன்றைக்கே நிர்வாகத்திடமும் வீட்டிலும் சொல்லுங்கள்.

மாசக் கடைசியில கையில காசே இருக்கறதில்ல. எங்க போகுதுன்னே தெரியல.

ஒரு மாதம் செலவழித்ததை அன்றன்றே எழுதி வாருங்கள், எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். கட்டாயச் செலவை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை வாரக் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். மாதம் என்பது முதல் தடவை பணத்தைக் கையாளுபவருக்கு மிக நீளம். கடன் செயலிகள் பக்கம் போகவே போகாதீர்கள். உண்மையாகவே போதவில்லை என்றால் பல பல்கலைக்கழகங்களில் அவசர உதவி நிதி இருக்கும். மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

வீட்டு ஞாபகமாவே இருக்கு. ஆனா அம்மா போன் பண்ணினா ‘நல்லா இருக்கேன்’னுதான் சொல்றேன். தப்பா?

வீட்டு ஏக்கம் பலவீனம் இல்லை. முதல் சில வாரங்களில் அதிகமாக இருந்து, பெரும்பாலோருக்கு மெல்லக் குறையும். மணிக்கணக்கில் வீட்டோடு வீடியோவில் இருந்தால் இங்கே வேர் பிடிக்காது, அறவே பேசாமல் இருந்தால் ஏக்கம் உள்ளேயே புழுங்கும். வாரத்தில் இத்தனை நாள், இந்த நேரம் என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

‘நல்லா இருக்கேன்’ என்பது அவர்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்ற அன்பில் வருவது. ஆனால் நாலு மாதம் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு, திடீரென்று ஃபெயில் என்று சொல்ல நேர்ந்தால், அவர்களுக்கு அந்த மதிப்பெண்ணைவிட மறைத்ததுதான் வலிக்கும். சின்னச் சின்னக் கஷ்டங்களை அவ்வப்போது சொல்லிப் பழகுங்கள். ‘கணக்குப் பாடம் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்மா, சார்கிட்ட கேட்கப் போறேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

ஒரு பேப்பர் போயிடுச்சு. எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். எட்டு செமஸ்டர், பத்துக்கு மதிப்பெண், எல்லா செமஸ்டருக்கும் சம அளவு கிரெடிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரில் 6.0 வாங்கி, மீதி ஏழிலும் 8.0 வாங்கினால் மொத்தச் சராசரி 7.75. முதல் செமஸ்டரிலும் 8.0 வாங்கியிருந்தால் 8.0. வித்தியாசம் கால் புள்ளி. மறுதேர்வு எப்போது, அந்தப் பாடம் தேறாமல் அடுத்த வருடப் பாடம் எதையாவது எடுக்க முடியாமல் போகுமா என்ற இரண்டையும் துறை அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள்.

அப்புறம் விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். யாருக்கும் அதைப் பார்க்கப் பிடிக்காது, அதனாலேயே பலர் அதே காரணத்தால் மறுபடி தவறுகிறார்கள். தாளோடு உட்கார்ந்து, இழந்த மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: படிக்கவில்லை, படித்தும் நினைவுக்கு வரவில்லை, கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், நேரம் போதவில்லை. இரண்டாவதே அதிகம் என்றால் மஞ்சள் பக்கத்தைப் பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போங்கள். நாலாவது என்றால் பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழக வேண்டும். வீட்டில் சொல்லும்போது இந்தத் தாளையும், மறுதேர்வுத் தேதியையும் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று அவர்கள் கேட்பதற்கு உங்களிடம் பதில் இருக்கும்.

தப்பான படிப்பை எடுத்துட்டேனோ? விட்டுட்டு வேற சேரலாமா, பல்லைக் கடிச்சிட்டு முடிக்கலாமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. எது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் தெளியும். ஓர் ஆசிரியரைப் பிடிக்காததையும், மதிப்பெண் வராத வருத்தத்தையும், துறையே பிடிக்காததாக மனம் மாற்றிக்கொள்ளும். ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்திருந்தால் இதே எண்ணம் வந்திருக்குமா? வந்திருக்காது என்றால் முதலில் படிக்கும் முறையை மாற்றிப் பார்க்கலாம். வந்திருக்கும் என்றால் விஷயம் வேறு.

முதலாண்டுப் பாடங்கள் பெரும்பாலும் அடித்தளம் போடுபவை, துறையின் உண்மையான முகம் பின்னால்தான் தெரியும். மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்துப் படியுங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் அவர் இப்போது செய்யும் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். மாற நினைக்கும் துறையிலும் இதையே செய்யுங்கள். அனுமதி கிடைத்தால் ஒரு வகுப்பில் போய் உட்காருங்கள். இங்கே இருப்பதன் அலுப்பையும் அங்கே இருப்பதன் கற்பனையையும் ஒப்பிட்டால் எப்போதும் அங்கேதான் ஜெயிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் மாறத்தான் வேண்டும் என்று தோன்றினால், ஒரு வருடம் வீணாகிவிடுமே என்பதற்காக மட்டும் தொடராதீர்கள். போன வருடம் எப்படியும் போய்விட்டது. வரப்போகும் மூன்று வருடங்களை வைத்து முடிவெடுங்கள். துறை மாறுவதற்குக் கடைசித் தேதி, மாற்றிக்கொள்ளக்கூடிய கிரெடிட், கட்டணம் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எதுலயும் பிடிப்பில்ல. இது சாதாரண சோர்வா, டாக்டரைப் பார்க்கணுமா?

தேர்வு நேரத்துச் சோர்வு தேர்வு முடிந்ததும் விலகும். நாளின் பெரும்பகுதி, அநேகமாக எல்லா நாளும், இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் கனத்தே இருந்தாலோ, பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல் போனாலோ, தூக்கமும் பசியும் மாறி, குளிக்கவும் வகுப்புக்குப் போகவும் முடியாமல் இருந்தாலோ மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். இன்னும் மோசமாகட்டும் என்று காத்திருக்க வேண்டிய நோய் எதுவும் இல்லை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது, பலர் குணமடைந்து படிப்பை முடித்திருக்கிறார்கள்.

இருந்து என்ன பயன், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். நண்பர், வீட்டார், ஆசிரியர், உங்கள் நாட்டின் உதவி எண், யாராக இருந்தாலும் சரி. இரவு இரண்டு மணி என்றாலும் எழுப்புங்கள். நண்பர் ஒருவர் உங்களிடம் இப்படிச் சொன்னால் ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், பெரியவர் ஒருவரிடம் சேர்த்து அழைத்துப் போங்கள்.

வருஷம் முடிஞ்சு ஊருக்குப் போனா, ‘நீ ரொம்ப மாறிட்ட’ங்கிறாங்க. எனக்கோ எதுவும் கத்துக்கிட்ட மாதிரியே தெரியல. யார் சொல்றது சரி?

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கும். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு முகம் மாறுவது தெரியாது, அதுபோலத்தான். பழைய நண்பர்களோடு பேச்சு முன்பு மாதிரி ஓடாதது உங்களை உறுத்தலாம். அவர்களுக்கும் இந்த வருடத்தில் ஏதேதோ நடந்திருக்கும். உங்கள் கதையைச் சொல்வதற்கு முன்னால் அவர்களுடையதைக் கேளுங்கள். ‘மாறிட்ட’ என்று வருத்தத்தோடு சொல்பவர்கள், பெரும்பாலும், தங்களுக்கு உங்களிடம் இன்னும் இடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

கற்றது தெரிய வேண்டுமானால், முதல் மாதம் எழுதிய அசைன்மென்ட்டையும் கடைசி மாதம் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். முதலாவதில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரிகள் இருக்கும், இரண்டாவதில் நீங்களே நினைத்து எழுதிய இடம் நாலைந்தாவது இருக்கும். அப்புறம் ஆசிரியர்களுக்கும் அலுவலகத்துக்கும் வருடம் முழுக்க அனுப்பிய மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள். முதல் மாதத்தில் ஒன்றும் இருக்காது, பின்னால் வரவர எண்ணிக்கை கூடியிருக்கும். கூடவில்லை என்றால் இரண்டாம் ஆண்டின் முதல் வாரத்திலேயே ஒன்று அனுப்புங்கள். மேலே மாதிரி ஒன்று இருக்கிறது.